ஏழாவது ஆணி

பாக்கியலெட்சுமிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் எழுத்தில் இருந்த குறையை அவள்தான் கண்டுபிடித்தாள்.

1916 நவம்பர் 16, வியாழக்கிழமை. காலை எட்டரை மணி. பதுளை அரசாங்கக் கச்சேரியின் பின் விறாந்தையில் அவள் என் மேசைக்கு எதிரே நின்றாள். தெமோதரைப் பக்கத்துக் கரிக்குழியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு நடந்தே வந்திருந்தாள். அவளுடைய புருஷன் அழகையா கொலைக் குற்றத்துக்காகப் பதுளைப் பொலிஸ் அறையில் இருந்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவனை நீதவான் முன் நிறுத்துவார்கள். அதற்குமுன் மரண விசாரணையில் அவன் என்ன சொன்னான் என்று வாசித்துக் காட்டச் சொன்னாள். அந்த வாக்குமூலத்தை எழுதியவன் நான்.

வாசித்தேன். ஆறே வரிகள். குழிக்குள் முட்டு மரங்களைத் தள்ளியது தான்தான். கீழே நின்ற இராமையாவின் மேல் மரம் விழுந்தது. முதல் நாள் பூசணிக் கொடி விஷயமாக இருவருக்கும் சண்டை நடந்தது உண்மை.

"அவ்வளவுதானா கிளாக்கரையா?"

"அவ்வளவுதான்."

"ஆணியில தலப்பா இல்லைன்னு சொன்னாரே. நான் வாசல்ல நின்னு கேட்டேன். அது எங்க இருக்கு?"

அது எங்கும் இல்லை. அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவு இருந்தது. "ஆணியில தலப்பா இல்லைங்க" என்று ஒரே ஒரு தடவை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பயந்துபோனவன் தன் தலைத்துணி காணாமற்போனதைச் சொல்லிப் புலம்புகிறான் என்று நினைத்தேன். மரண விசாரணையை நடத்திய விசாரணை ஐயா கையை அசைத்து அவசரப்படுத்தினார். வழக்குக்கு வேண்டாதது என்று நானே தீர்மானித்து விட்டுவிட்டேன். ஒரு மனிதன் தன் உயிருக்காகச் சொன்ன ஒரே வாக்கியத்தை விட்டுவிட்டேன் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

அதை அவளிடமே கேட்டேன். தலைப்பாகை இல்லாவிட்டால் என்ன? அவளுக்கும் தெரியவில்லை. குழி விஷயம் பொம்பளைகளுக்குச் சொல்ல மாட்டார்கள் என்றாள்.

ஒரு நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டுத் தாஸிம் நானாவைத் தேடிப் போனேன்.

தாஸிம் நானா கச்சேரி வேலைக்கு ஒற்றை மாட்டு வண்டி ஓட்டுபவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் ஓயாது. போன வருஷம் காணாமற்போன தபால் பையை நான் கண்டுபிடித்ததிலிருந்து என்னைப் 'பெரிய துப்பறிவாளர்' என்று கூப்பிடுவார். அந்தப் பை எப்படியும் கிடைத்திருக்கும் என்பதே என் எண்ணம். பகலில் எழுத்தர், மாலையில் இங்கிலீஷ் வகுப்பு, இரண்டிலும் நடுத்தரம். என்னிடம் இருக்கும் ஒரே திறமை எதையும் நாள் நேரத்தோடு டயரியில் குறித்து வைப்பது.

"கொலைகாரனை விடுவிக்கப் போறோமா, பிடிக்கப் போறோமா?" என்று கேட்டார் நானா, மாட்டைப் பூட்டிக்கொண்டே.

"ஒரு தலைப்பாகையைத் தேடப் போறோம்."

"அதுக்கு வண்டி எதுக்கு? பதுளைச் சந்தையில தலையை விடத் தலைப்பாகைதான் கூட ஈக்கு."

கரிக்குழிக்கு இரண்டரை மணி நேரப் பாதை. சீமையில் நடக்கும் சண்டைக்கு இரும்பு உருக்கும் கிண்ணம் செய்ய பென்சில் கரி வேண்டுமாம்; அதனால் இரண்டு வருஷத்துக்குள் அந்த மலைச்சரிவில் ஓர் ஊரே முளைத்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த முப்பது குடும்பங்கள், வீடுகள் வரிசையாக ஒட்டிய இரண்டு லயம், ஒரு கடை, ஒரு காளி கோயில். ஆண்கள் குழிக்குள் வெட்டுகிறார்கள். பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து கரியைப் பொறுக்கித் தேய்க்கிறார்கள். அங்கே எல்லாம் கறுத்து மின்னும். சோற்றுப் பானையும் பாதையும் மனிதர்களின் கழுத்தும் மின்னும்.

"இங்கத்தக் கோழி முட்டையை உடைச்சா உள்ளுக்கு பென்சில்தான் ஈக்கும்" என்றார் நானா.

நான் சிரிக்கவில்லை. இராமையா செத்த செவ்வாய்க்கிழமை, நவம்பர் 7ஆம் திகதி காலையில், நாங்கள் இதே பாதையில் இதே வண்டியில் வந்திருந்தோம். வெடிமருந்தைப் பத்திரமாக வைப்பது பற்றிய கச்சேரி நோட்டீஸ் ஒன்றை ஒட்டுவதற்காக. பதினொன்றரைக்குத் திரும்பினோம். பகல் சோற்று நேரத்தில் சாவு நடந்தது. இன்னும் அரை மணி இருந்திருந்தால் கண்ணால் பார்த்த சாட்சியாகியிருப்பேன் என்ற நினைப்பு ஒன்பது நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

குழியின் கங்காணி கருப்பண்ணன் எங்களைக் குழியடிக்கு அழைத்துப் போனார். குழி வாயின் மேல் ராட்டினம். அதன் கைப்பிடியைச் சுற்றித்தான் அழகையா கரிப் பீப்பாயை மேலே இழுப்பான். ராட்டினக்காரனின் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஓலை வேய்ந்த குடில். முன்பக்கம் திறந்தது. உள்ளே பலகைச் சுவரில் வரிசையாக மர ஆணிகள்.

ஆணியில் தலப்பா இல்லையென்றால் என்ன என்று கேட்டதும் கங்காணி விளக்கினார். இது தெரியாமலா விசாரணை எழுதினாய் என்பது போல என்னைப் பார்த்தார்.

"உள்ள காளி இருக்கா கிளாக்கரையா. தலையில கட்டோட யாரும் எறங்கக் கூடாது. அவனவன் ஆணியில தலப்பாவை மாட்டிட்டு எறங்கணும். ஏறி வந்ததும் எடுத்துக் கட்டிக்குவான். ஆணியில தலப்பா இருந்தா ஆள் கீழ இருக்கான். இல்லைன்னா குழி காலி."

"ஏன், கீழே குனிந்து கூப்பிட்டுப் பார்க்கக் கூடாதா?"

"குழியில இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடறதா? மேலேருந்து நாம ஒரு தடவை கூப்பிட்டா, பொறகு குழி அந்தப் பேரைக் கூப்பிட ஆரம்பிச்சிரும்."

மற்றவை வரிசையாக வந்தன. பகல் சோற்றுக்கு எல்லோரும் ஏறி வந்ததும், ராட்டினக்காரன் ஆணிகளைப் பார்ப்பான். எல்லாம் வெறுமையாக இருந்தால், குழிச் சுவர் சரியாமல் தாங்கும் முட்டு மரங்களைக் குழிக்குள் தள்ளிவிடுவான். ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்குவதை விட அது சுலபம். அன்று மழை. ஏறி வந்தவர்கள் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடிவிட்டார்கள். இராமையா மட்டும் வெட்டிய கரியை மூடி வைக்கக் கீழே தங்கினான். அவனுடையது ஏழாவது ஆணி.

"தேடிப் பார்த்தோம். அவன் தலப்பா எங்கேயும் இல்லை" என்றார் கங்காணி. "குழி ஆளுங்க எவனும் அடுத்தவன் ஆணியில கை வைக்க மாட்டான். அழகையாதான் எடுத்து ஒளிச்சிருக்கான். எடுத்துட்டு, காலின்னு நெனச்சேன்னு சொல்லத்தான்."

ஆகவே குழி ஆட்கள் அழகையாவைக் கைவிட்டது சண்டைக்காக அல்ல. ஆணிக்காக. என் பின்னால் நின்ற தாஸிம் நானா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்.

நான் யோசித்ததை முறையாகச் சொல்கிறேன். சொல்வதற்கென்று ஒரு சாக்கைத் தயார் செய்து வைப்பவன், பிடிபட்டதும் அதைத்தான் முதலில் சொல்வான், நூறு தடவை சொல்வான். அழகையா ஒரே தடவைதான் சொன்னான். நான் எழுதவில்லை என்று தெரிந்தும் மறுபடி சொல்லவில்லை. அது தயார் செய்த சாக்கு அல்ல.

அடுத்தது ஆணி. மற்ற ஆணிகள் எல்லாம் கரிக் கை பட்டுப் பட்டுக் கறுத்து மின்னின. ஏழாவதும் அப்படித்தான், ஆனால் அதன் நுனியில் மட்டும் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து அப்பியிருந்தது. ராட்டினக்காரனின் கையும் கரிதான். அவன் தொட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும்.

"திருநீறுங்க" என்றார் கங்காணி. "செத்தவனுக்காக யாராச்சும் பூசியிருப்பாங்க."

கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளையின் ஓரம் முழுவதும் பல்லால் கொறித்தது போல வளைந்து வளைந்து இருந்தது.

"கங்காணி, கரப்பான் பூச்சி திருநீறு தின்னுமா?"

அவரும் எட்டிப் பார்த்தார். நான் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். புளித்த மாவு.

மாவுப் பசை. குழியடியில் பசைக்கு என்ன வேலை என்று நிமிர்ந்தபோது, ஆணிக்கு ஒரு முழம் மேலே சுவரில் ஒட்டியிருந்த கடதாசி கண்ணில் பட்டது. அதன் நான்கு மூலைகளையும் அதே பல் கொறித்திருந்தது. வெடிமருந்து பற்றிய நோட்டீஸ். திகதி நவம்பர் 7. கீழே என் கையெழுத்து.

அந்தக் குடிலுக்குள் நான் முதல் தடவையாக வந்தது இந்த வியாழக்கிழமைதான். செவ்வாய்க்கிழமை மழைக்குப் பயந்து நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பசைச் சட்டியையும் கடதாசியையும் தாஸிம் நானாவிடம் கொடுத்து அனுப்பினேன். டயரியில் 'நோட்டீஸ் ஒட்டினேன்' என்று என் பேரில் எழுதிக்கொண்டேன்.

அப்போதும் மனசு வேறு வழி தேடியது. வேறு யாராவது பசைக் கையோடு வந்திருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கரி பொறுக்கும் கொட்டகைக்குப் போனேன். குழிக்கும் கொட்டகைக்கும் இடையில் வெள்ளையடித்த கல் வரிசை ஒன்று உண்டு. பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. ஆனால் கொட்டகையிலிருந்து குடில் நேராகத் தெரிந்தது.

கல் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இராக்கம்மா. செவ்வாய்க்கிழமை குடிலுக்கு வெளியாள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"வந்தாரே. தொப்பி போட்ட ஒருத்தர். செவுத்துல என்னமோ ஒட்டினாரு. பொறகு ஆணியிலேருந்து ஒரு துணியை உருவிக்கிட்டு மழையில வண்டிக்கு ஓடினாரு."

"இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"யாரு கேட்டா? ஆம்பளைங்களைத்தானே வரிசையா நிக்க வச்சுக் கேட்டீங்க." கையில் இருந்த கரித் துண்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏன், அந்தத் துணிக்கு என்ன?"

குழியின் ஆண்கள் அத்தனை பேருக்கும் அந்தத் துணி என்னவென்று தெரியும். அது போனதை ஒருவரும் பார்க்கவில்லை. இவள் பார்த்தாள், அது என்னவென்று இவளுக்கு யாரும் சொன்னதில்லை. நடுவில் ஒரு கல் வரிசை. கேட்டு எழுத வேண்டியவன் அதைத் தாண்டி வரவே இல்லை.

"வண்டிக்குள்ள யார் இருந்தாங்க?"

"மொகம் தெரியல. வண்டி இந்தப் பக்கமாத்தான் நின்னுச்சு. கூடாரத்துக்குள்ளேருந்து ஒரு கை நீண்டுச்சு, துணியை வாங்கிக்கிச்சு. வெரலெல்லாம் மை." அவள் என் கையைப் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்தினாள். "இந்த மாதிரி."

கையைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குள் அவள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாள்.

வண்டியடிக்கு வந்து, டயரியில் 7ஆம் திகதியைத் திருப்பினேன். என் எழுத்து ஒழுங்காக இருந்தது. 'காலை முதல் பலத்த மழை. வண்டிக் கூடாரம் ஒழுகியது. நோட்டீஸ் ஒட்டினேன். புத்தகம் நனையவில்லை.'

எப்படி நனையாமல் போயிற்று என்று நான் எழுதவில்லை. இப்போது தெளிவாக ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் வகுப்புப் புத்தகம் மடியில் இருந்தது. "நானா, புத்தகத்தைச் சுத்த ஏதாவது துணி இருந்தா கொண்டு வாங்கோ" என்று வண்டிக்குள்ளிருந்து கத்தினேன். கொண்டு வந்தார். அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

தாஸிம் நானா மாட்டுக்கு மறுபக்கம் நின்றார். கங்காணி தலப்பாவைப் பற்றிச் சொன்ன நிமிடத்திலிருந்து அவர் ஒரு கேலி பகிடியும் விடவில்லை.

"துணி எங்க நானா?"

"வண்டியிலதான் ஈக்கு. சாக்குக்குக் கீழ." குரல் அவருடையது போலவே இல்லை. "பழந்துணி எண்டு நினைச்சன் வாஹித். ஒம்பது நாளா அதாலதான் மாட்டைத் துடைக்கிறன்."

அவர் சாக்கைத் தூக்கித் துணியை வெளியே எடுத்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பத்தைக்குள்ள போட்டுட்டு நாமளே கண்டெடுப்போம். காத்து அடிச்சிட்டுப் போனது எண்டு சொல்லுவோம். அந்த மனுசனும் வெளிய வருவான். என்ட பொஞ்சாதி பலீலாவுக்கும் புள்ளைகளுக்கும் சோறு போடுற வண்டியும் மிஞ்சும். யாருக்கு நட்டம்?"

அது கெட்ட யோசனை என்று நான் உடனே நினைக்கவில்லை. நினைத்ததாக எழுதினால் பொய். பற்றைப் புதருக்கும் குடிலுக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்றுகூட யோசித்தேன்.

"இராக்கம்மா பார்த்திருக்கா" என்றேன்.

"அவள் சொன்னா ஆம்பளைகள் கேக்க மாட்டானுகள்."

"ஆணியில மாட்டின துணி காத்துக்குப் பறக்காது நானா. பத்தையில கிடைச்சா அழகையா வீசினான் எண்டுதான் சொல்லுவாங்க. நாளைக்கு அதுவே அவனுக்கு எதிரான சாட்சி."

அவர் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார். "அப்ப ரெண்டு பேர் பேரையும் எழுது" என்றார். "என்ட பேரை மட்டும் வடிவா எழுது. வாழ்க்கையில முதல் முதலா கச்சேரிக் கடதாசியில ஏறப் போகுது."

இராமையாவின் மனைவி ராசம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஏன் என்று தெரியாது. வேறு யாரிடம் முதலில் சொன்னாலும் அது ஒளிவது போல இருந்தது. லயத்துக் கடைசி வீட்டு வாசலில் நின்று, முதலிலிருந்து, நேரத்தோடு சொன்னேன். யார் கேட்டது, யார் எடுத்தது, எதற்காக. நானா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவள் துணியை வாங்கி, ஓரத்தில் தான் போட்டிருந்த தையலைத் தேடிப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

"மாட்டு வாசம் அடிக்குது" என்றாள்.

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பாக்கியலெட்சுமி மூணு தடவை வந்து இந்த வாசல்ல நின்னா" என்றாள் கடைசியில். "மண்ணை வாரி எறிஞ்சு தொரத்தினேன்." பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கங்காணியின் முன்னிலையில் வாக்குமூலம் எழுதினேன். ஆயிரம் தடவை 'அவன்' என்று எழுதிய இடத்தில் 'நான்' என்று எழுதினேன். இராக்கம்மா சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். அழகையா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும், விசாரணையில் கேட்டும் எழுதாமல் விட்டது என்று குறிப்பிட்டுச் சேர்த்தேன்.

பிற்பகல் நான்கரைக்கு விசாரணை ஐயா அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். அழகையாவின் மேல் வழக்கு நிற்காது, காலையில் நீதவானிடம் தானே சொல்வதாகச் சொன்னார். நீயும் வண்டிக்காரனும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்றார். பிறகு என் மேசைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொலிஸ் அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் அழகையா குந்தியிருந்தான். வெளியே மதில் ஓரத்தில் பாக்கியலெட்சுமி. நான் சொல்லச் சொல்ல அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்ற இடத்தில் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை.

"அப்ப, நான் பார்த்தப்ப ஆணியில தலப்பா இல்லை" என்றான்.

"இல்லை."

"நெசமாவே இல்லை."

"நெசமாவே இல்லை அழகையா. அதுக்கு முந்தியே நாங்க எடுத்துட்டோம்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "பார்க்காமத் தள்ளிட்டேனோன்னு நெனச்சேங்க. ஒம்பது நாளா கண்ணை மூடினா அந்த ஆணிதான் வரும். ஒரு நேரம் தலப்பா தொங்கும், ஒரு நேரம் தொங்காது. ஒங்ககிட்ட சொன்னப்பகூட எனக்கு நிச்சயமில்லை. அதான் மறுபடி சொல்லல."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவன் அதைக் கேட்கவில்லை. கம்பி வழியாக மதில் பக்கம் எட்டிப் பார்த்து, உடைந்த குரலில் கூப்பிட்டான்.

"பாக்கியம், நான் பார்த்துட்டுத்தான் தள்ளியிருக்கேன் புள்ள."